கற்பனை அடிபந்தாட்டத்தில் மாற்று எறிவாளர் மதிப்பீடு

கற்பனை அடிபந்தாட்டத்தில் மாற்று எறிவாளர் மதிப்பீடு என்பது, ஆட்டத்தின் நடுவிலோ இறுதியிலோ களமிறங்கும் எறிவாளர்கள் ஒரு கற்பனை அணிக்கு எவ்வளவு பயன் தருவர் என்பதைப் பருவம் தொடங்குமுன்னும் பருவத்தின் போதும் கணிக்கும் முறைகளின் தொகுப்பு ஆகும். கற்பனை அடிபந்தாட்டம் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றியது. இதில் பங்கேற்போர் மேஜர் லீக் பேஸ்பால் வீரர்களைத் தேர்ந்தெடுத்துத் தமக்கென ஓர் அணியை அமைப்பர். அவ்வீரர்கள் உண்மையான ஆட்டங்களில் பெறும் புள்ளிவிவரங்களைக் கொண்டு இவ்வணிகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன.

மாற்று எறிவாளர்களை மதிப்பிடுவது இவ்விளையாட்டின் கடினமான பகுதிகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. இதற்கு முதன்மையான காரணம், அவர்களுக்குக் கிடைக்கும் மதிப்பில் பெரும்பங்கு 'காப்பு' என்னும் ஒரே புள்ளிவிவரத்தைச் சார்ந்திருப்பதாகும். காப்பு ஓர் எறிவாளரின் திறமையை அளப்பதைவிட, அவருக்கு அணி மேலாளர் வழங்கியுள்ள பொறுப்பையே கூடுதலாக அளக்கின்றது. ஆகவே திறமை, பொறுப்பு ஆகிய இரண்டையும் தனித்தனியே கணித்துப் பின் இணைப்பதே இம்மதிப்பீட்டின் சாரம் எனலாம்.

மாற்று எறிவாளர்

அடிபந்தாட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது இன்னிங்ஸ்கள் உண்டு. ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர் தொடக்க எறிவாளர் எனவும், அவருக்குப் பின் வருவோர் அனைவரும் மாற்று எறிவாளர்கள் எனவும் அழைக்கப்படுகின்றனர். துடுப்பாட்டத்தில் ஒரு பந்துவீச்சாளரை ஓய்வளித்து மீண்டும் அழைக்க முடியும். அடிபந்தாட்டத்தில் ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்ட வீரர் அதே ஆட்டத்தில் மீண்டும் பங்கேற்க முடியாது. எனவே எந்த எறிவாளரை எப்போது பயன்படுத்துவது என்பது மேலாளரின் மிக முக்கியமான முடிவுகளுள் ஒன்றாகும்.

மாற்று எறிவாளர்கள் அவர்தம் பணியைக் கொண்டு பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றனர்.

* முடிப்பாளர்: அணி சிறிய முன்னிலையில் இருக்கும்போது பெரும்பாலும் ஒன்பதாம் இன்னிங்ஸை வீசி ஆட்டத்தை முடித்து வைப்பவர்.
* முன்னேற்பாட்டு எறிவாளர்: முடிப்பாளருக்கு முன்பாக ஏழாம் அல்லது எட்டாம் இன்னிங்ஸை வீசுபவர்.
* இடைநிலை எறிவாளர்: ஐந்தாம், ஆறாம் இன்னிங்ஸ்களில் வருபவர்.
* நீள் எறிவாளர்: தொடக்க எறிவாளர் விரைவில் வெளியேறினால் பல இன்னிங்ஸ்களை வீசுபவர்.

இப்பகுப்பு நெடுங்காலமாக இருந்து வந்த ஒன்றன்று. 1974 ஆம் ஆண்டு மைக் மார்ஷல் மாற்று எறிவாளராக 106 ஆட்டங்களில் 208 இன்னிங்ஸ்கள் வீசினார். கூஸ் காசேஜ், புரூஸ் சட்டர் போன்றோரும் 1970களில் ஓர் ஆண்டில் 100 இன்னிங்ஸ்களுக்கு மேல் வீசியதுண்டு. 1988 இல் ஓக்லாந்து அணியின் மேலாளர் டோனி லா ரூசா, டென்னிஸ் எக்கர்ஸ்லி என்பவரைப் பெரும்பாலும் ஒன்பதாம் இன்னிங்ஸுக்கு மட்டும் பயன்படுத்தத் தொடங்கினார். அவ்வாண்டு எக்கர்ஸ்லி 45 காப்புகளைப் பெற்றார். பிற அணிகளும் இம்முறையைப் பின்பற்றியதால் காப்புகள் ஒவ்வோர் அணியிலும் ஒருவரிடமே குவியலாயின. இன்று முடிப்பாளர் ஒருவர் ஒரு பருவத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 இன்னிங்ஸ்கள் மட்டுமே வீசுகின்றார்.

காப்பு என்னும் புள்ளிவிவரம்

சிகாகோவைச் சேர்ந்த விளையாட்டு எழுத்தாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் காப்பு என்னும் கருத்துருவை உருவாக்கினார். 1959 இல் பிட்ஸ்பர்க் அணியின் மாற்று எறிவாளர் எல்ராய் ஃபேஸ் 18 வெற்றிகளும் ஒரே ஒரு தோல்வியும் பெற்றிருந்தார். முன்னிலையை இழந்த பின் அவருடைய அணி மீண்டும் ஓட்டங்கள் எடுத்தமையால் அவ்வெற்றிகளுள் சில அவருக்குக் கிடைத்தவையாகும். வெற்றி, தோல்விக் கணக்கு மாற்று எறிவாளர்களின் பணியைச் சரியாகக் காட்டவில்லை என்பதே ஹோல்ட்ஸ்மனின் வாதம். மேஜர் லீக் 1969 இல் காப்பை அதிகாரபூர்வப் புள்ளிவிவரமாக ஏற்றுக்கொண்டது. 1974, 1975 ஆம் ஆண்டுகளில் இவ்விதி திருத்தப்பட்டது.

தற்போதைய விதியின்படி, வெற்றி பெற்ற அணிக்காக ஆட்டத்தை முடித்து வைத்து, தாம் வெற்றி எறிவாளராக அறிவிக்கப்படாமல், குறைந்தது ஒருவரையேனும் ஆட்டமிழக்கச் செய்த அளவுக்கு வீசிய எறிவாளருக்குக் காப்பு வழங்கப்படும். அத்துடன் கீழுள்ளவற்றுள் ஒன்று நிறைவேற வேண்டும்.

* மூன்று ஓட்டங்களுக்கு மேற்படாத முன்னிலையில் களமிறங்கிக் குறைந்தது ஓர் இன்னிங்ஸ் வீசுதல்.
* ஆட்டத்தைச் சமன் செய்யக்கூடிய ஓட்டக்காரர் தளத்தில் இருக்கும்போதோ, மட்டை பிடிக்கும்போதோ, அடுத்து வரக் காத்திருக்கும்போதோ களமிறங்குதல்.
* குறைந்தது மூன்று இன்னிங்ஸ்கள் திறம்பட வீசுதல்.

முதல் நிபந்தனை மிக எளிதானது என்பது கவனிக்கத்தக்கது. மூன்று ஓட்ட முன்னிலையுடன் ஒன்பதாம் இன்னிங்ஸில் நுழையும் அணி, எவர் வீசினாலும், மிகப் பெரும்பாலும் வென்றுவிடும். இரண்டு ஓட்டங்களை விட்டுக்கொடுத்த எறிவாளரும் இந்நிலையில் காப்பைப் பெறுவார். ஆனால் எட்டாம் இன்னிங்ஸில் ஒரே ஓட்ட முன்னிலையில், மூன்று தளங்களிலும் எதிரணியினர் நிற்க, ஓட்டமேதும் தராமல் மீட்டவருக்குக் காப்பு கிடையாது. இக்குறையை ஓரளவு நீக்க 1986 இல் ஜான் டூவன், மைக் ஓ'டானல் ஆகியோர் 'தக்கவைப்பு' என்னும் புள்ளிவிவரத்தை அறிமுகப்படுத்தினர். முன்னிலையைக் காத்து அடுத்த எறிவாளரிடம் ஒப்படைப்பவருக்கு இது வழங்கப்படுகின்றது. மேஜர் லீக் இதனை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை.

கற்பனை ஆட்டத்தில் மாற்று எறிவாளரின் இடம்

டேனியல் ஓக்ரென்ட் என்னும் எழுத்தாளர் தம் நண்பர்களுடன் 1980 இல் தொடங்கிய ரோட்டிசரி லீக்கிலிருந்தே இன்றைய கற்பனை அடிபந்தாட்டம் வளர்ந்தது. அவர்கள் கூடிய நியூ யோர்க் உணவகம் ஒன்றின் பெயரிலிருந்து இப்பெயர் வந்தது. எறிவாளர்களுக்கு அவர்கள் வகுத்த நான்கு பிரிவுகள் பின்வருமாறு.

* வெற்றிகள்.
* காப்புகள்.
* ஓட்ட சராசரி: ஒன்பது இன்னிங்ஸ்களுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் அளவு. களத்தடுப்பாளரின் பிழையால் வந்த ஓட்டங்கள் இதில் சேரா.
* விப்: ஓர் இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஹிட்கள், நடைகள் ஆகியவற்றின் கூட்டுத்தொகை. நான்கு தவறான பந்துகளால் மட்டையாளர் முதல் தளத்தை இலவசமாக அடைவது நடை எனப்படும்.

பின்னர் ஸ்ட்ரைக் அவுட் ஐந்தாம் பிரிவாகச் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவிலும் அணிகள் வரிசைப்படுத்தப்பட்டு, இடத்துக்கேற்பப் புள்ளிகள் வழங்கப்படும். 12 அணிகள் கொண்ட லீக்கில் முதலிடத்துக்கு 12 புள்ளிகள், கடைசி இடத்துக்கு 1 புள்ளி. இம்முறையில் காப்புகள் மட்டுமே எறிவாளர் புள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்கைத் தீர்மானிக்கின்றன. உண்மையான ஆட்டத்தில் முடிப்பாளர் ஒருவர் தம் அணியின் மொத்த இன்னிங்ஸ்களில் இருபதில் ஒரு பங்கைக்கூட வீசுவதில்லை. இவ்விரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே முடிப்பாளர்களின் விலையை உயர்த்துகின்றது.

மேஜர் லீக்கில் 30 அணிகள் உள்ளன. அணிக்கு ஒரு முடிப்பாளர் எனக் கொண்டாலும் 12 உரிமையாளர்களுக்குத் தலா இரண்டரை பேரே கிடைப்பர். சில அணிகள் இப்பணியை இருவர் மூவரிடையே பகிர்ந்தளிப்பதால் உண்மையான எண்ணிக்கை இதனினும் குறைவாகும்.

அடிப்படைச் சிக்கல்: 2007 கிளீவ்லாந்து அணி

திறமையும் பொறுப்பும் வேறு வேறானவை என்பதற்குக் கிளீவ்லாந்து அணியின் 2007 ஆம் ஆண்டுப் பருவம் தெளிவான எடுத்துக்காட்டாகும். அவ்வாண்டு அவ்வணி 96 ஆட்டங்களில் வென்றது. அதன் முடிப்பாளர் ஜோ போரோவ்ஸ்கி 45 காப்புகள் பெற்று அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்தார். ஆனால் அவருடைய ஓட்ட சராசரி 5.07, விப் 1.43. அதே அணியில் அவருக்கு முன்பாக வீசிய ரஃபேல் பெட்டன்கோர்ட் 79 இன்னிங்ஸ்களில் 80 ஸ்ட்ரைக் அவுட்களைப் பெற்று 9 நடைகளை மட்டுமே அளித்தார். அவருடைய ஓட்ட சராசரி 1.47, விப் 0.76. அவருக்குக் கிடைத்த காப்புகள் மூன்று.

இவ்விருவரின் பயனை ஒரு கணக்கின் மூலம் ஒப்பிடலாம். ஒரு கற்பனை அணியின் மற்ற எறிவாளர்கள் 900 இன்னிங்ஸ்கள் வீசி 4.00 ஓட்ட சராசரியும் 1.30 விப்பும் பெற்றிருப்பதாகக் கொள்வோம். போரோவ்ஸ்கியைச் சேர்த்தால் அணியின் ஓட்ட சராசரி 4.07 ஆகவும் விப் 1.31 ஆகவும் உயரும். பெட்டன்கோர்ட்டைச் சேர்த்தால் அவை 3.80 ஆகவும் 1.26 ஆகவும் குறையும்.

வரிசையில் ஓரிடம் முன்னேறுவதற்கு 8 காப்புகள், ஓட்ட சராசரியில் 0.08, விப்பில் 0.015 தேவைப்படும் ஒரு லீக்கை எடுத்துக்கொண்டால் விளைவு பின்வருமாறு அமையும்.

* போரோவ்ஸ்கி: காப்புகளால் 5.6 இடங்கள் ஏற்றம். மற்ற இரண்டு பிரிவுகளிலும் சேர்த்து 1.5 இடங்கள் இறக்கம், நிகரம் 4.1.
* பெட்டன்கோர்ட்: காப்புகளால் 0.4, ஓட்ட சராசரியால் 2.6, விப்பால் 2.9, நிகரம் 5.9.

அதாவது ஏறக்குறையக் காப்பே பெறாத ஒருவர், லீக்கிலேயே மிகுதியான காப்புகளைப் பெற்றவரைவிடக் கூடுதல் பயன் தந்திருக்கின்றார். ஆயினும் பெட்டன்கோர்ட்டின் பயன் மூன்று பிரிவுகளில் பரவிக் கிடப்பதால் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. போரோவ்ஸ்கியின் 45 என்ற எண் உடனே தெரிகின்றது.

இக்கதையின் பிற்பகுதியும் அறியத்தக்கது. 2008 ஏப்ரலில் போரோவ்ஸ்கி காயமுற்றார். பின்னர் அவ்வாண்டு நடுவில் அணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவருடைய வீழ்ச்சியை முன்னுணர்ந்து பெட்டன்கோர்ட்டைத் தேர்ந்தெடுத்தவர்களின் ஒரு பாதிக் கணிப்பு சரியாகவே இருந்தது. ஆனால் அவ்வாண்டு பெட்டன்கோர்ட்டின் ஓட்ட சராசரியும் 5 ஐத் தாண்டியது. பருவத்தின் இறுதிப் பகுதியில் முடிப்பாளர் பொறுப்பு ஜென்சன் லூயிஸ் என்னும் இளம் எறிவாளரிடம் சென்றது. அவர் 13 காப்புகளைப் பெற்றார். பொறுப்பை மட்டும் நம்புவது எவ்வளவு இடர் மிக்கதோ, ஒரே ஆண்டின் திறனை மட்டும் நம்புவதும் அதேயளவு இடர் மிக்கது என்பதை இது காட்டுகின்றது.

திறனை அளத்தல்

மாற்று எறிவாளர் ஒருவர் ஓர் ஆண்டில் வீசும் 60 இன்னிங்ஸ்கள் மிகச் சிறிய மாதிரியாகும். இரண்டு மோசமான ஆட்டங்கள் அவருடைய ஓட்ட சராசரியை ஒரு புள்ளி வரை உயர்த்திவிடும். மேலும் ஓட்டங்களைக் கணக்கெழுதும் முறையும் இவர்களுக்குப் பொருத்தமானதன்று. தளத்தில் நின்ற ஓட்டக்காரர்களுடன் ஆட்டத்தை ஏற்கும் மாற்று எறிவாளர் அவர்களை ஓட்டமெடுக்க விட்டால், அவ்வோட்டங்கள் அவருக்கு முன் வீசியவரின் கணக்கிலேயே சேரும். இக்காரணங்களால் ஓட்ட சராசரியைவிடக் கீழ்க்காணும் அளவீடுகள் எதிர்காலத்தைக் கணிக்கப் பயன்படுகின்றன.

ஸ்ட்ரைக் அவுட் விகிதமும் நடை விகிதமும்: எதிர்கொண்ட மட்டையாளர்களில் எத்தனை விழுக்காட்டினரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் என்பதிலிருந்து நடை அளித்த விழுக்காட்டைக் கழித்தால் கிடைக்கும் எண், சிறிய மாதிரியிலும் ஓரளவு நம்பத்தக்கது. இவ்விரண்டும் களத்தடுப்பாளர்களைச் சாராதவை.

களத்தடுப்பு சாரா அளவீடு: 2001 இல் வோரோஸ் மெக்ராக்கன், மட்டையில் பட்டுக் களத்துக்குள் விழும் பந்துகள் ஹிட்டாக மாறுவதில் எறிவாளருக்கு உள்ள கட்டுப்பாடு மிகக் குறைவு எனக் காட்டினார். இதனடிப்படையில் டாம் டாங்கோ ஓர் எளிய வாய்ப்பாட்டை வகுத்தார். ஹோம் ரன்களை 13 ஆலும், நடைகளையும் பந்தால் தாக்கப்பட்டோரையும் 3 ஆலும் பெருக்கிக் கூட்டி, ஸ்ட்ரைக் அவுட்களை 2 ஆல் பெருக்கிக் கழித்து, இன்னிங்ஸ்களால் வகுக்க வேண்டும். இதனுடன் 3 ஐ ஒட்டிய ஒரு மாறிலியைக் கூட்டினால் ஓட்ட சராசரியின் அளவிலேயே விடை கிடைக்கும். இவ்விடை உண்மையான ஓட்ட சராசரியைவிட மிக உயர்ந்திருந்தால் அவ்வெறிவாளர் அடுத்த ஆண்டு சரிவார் என எதிர்பார்க்கலாம்.

நல்வாய்ப்பின் அடையாளங்கள்: களத்துக்குள் விழுந்த பந்துகளில் ஹிட்டானவற்றின் விகிதம் பொதுவாக 0.300 ஐ ஒட்டியிருக்கும். தளமடைந்த எதிரணியினரில் ஓட்டமெடுக்காமல் தடுக்கப்பட்டோர் விகிதம் 70 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருக்கும். இவற்றிலிருந்து மிகவும் விலகி நிற்கும் எறிவாளரின் ஓட்ட சராசரியில் நல்வாய்ப்புக்கோ தீவாய்ப்புக்கோ பங்குண்டு. எனினும் மிகச் சிறந்த முடிப்பாளர்கள் தடுப்பு விகிதத்தில் சராசரியைவிடத் தொடர்ந்து உயர்ந்து நிற்பதுண்டு.

பந்தின் வேகமும் தவறிய வீச்சுகளும்: எறிவாளரின் வேகம் திடீரெனக் குறைவது காயத்தின் முன்னறிகுறியாக இருக்கலாம். மட்டையாளர் வீசியும் தொடமுடியாத பந்துகளின் விழுக்காடு, ஸ்ட்ரைக் அவுட்கள் உயரப்போவதையோ குறையப்போவதையோ முன்கூட்டியே உணர்த்தும். 2015 இல் எல்லா மேஜர் லீக் அரங்குகளிலும் ஸ்டாட்காஸ்ட் கருவித்தொகுதி நிறுவப்பட்ட பின், இத்தரவுகள் பொதுமக்களுக்கும் கிடைக்கின்றன.

பொறுப்பைக் கணித்தல்

திறன் மிக்க எல்லோரும் முடிப்பாளராவதில்லை. மில்வாக்கி அணியின் டெவின் வில்லியம்ஸ் 2020 இல் 27 இன்னிங்ஸ்களில் 53 ஸ்ட்ரைக் அவுட்களும் 0.33 ஓட்ட சராசரியும் பெற்று நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுக வீரர் விருதை வென்றார். அவ்வாண்டு அவருக்கு ஒரு காப்புகூடக் கிடைக்கவில்லை. அப்போது அவ்வணியின் முடிப்பாளராக ஜோஷ் ஹேடர் இருந்தமையே இதற்குக் காரணம். 2022 ஆகஸ்ட் முதல் நாள் ஹேடர் சான் டியேகோ அணிக்கு மாற்றப்பட்டார். அப்பரிமாற்றத்தில் மில்வாக்கிக்கு வந்த டெய்லர் ரோஜர்ஸ் சான் டியேகோவில் 28 காப்புகள் பெற்றிருந்தவர். ஆயினும் முடிப்பாளர் பொறுப்பு வில்லியம்ஸுக்கே சென்றது. ரோஜர்ஸ் அவ்வாண்டின் எஞ்சிய பகுதியில் மேலும் 3 காப்புகளே பெற்றார். வில்லியம்ஸ் 2023 இல் 36 காப்புகளைப் பெற்றார்.

பொறுப்பைக் கணிக்கும்போது பின்வருவன கருதப்படுகின்றன.

* ஊதியமும் ஒப்பந்தமும்: பெருந்தொகைக்கு ஒப்பந்தம் செய்யப்பட்ட முடிப்பாளருக்கு மேலாளர்கள் நீண்ட கால வாய்ப்பு அளிப்பர். பிராட் லிட்ஜ் 2008 இல் ஃபிலடெல்ஃபியா அணிக்காக 41 வாய்ப்புகளில் 41 காப்புகளையும் பெற்றார். 2009 இல் அவருடைய ஓட்ட சராசரி 7.21 ஆக இருந்தும் 31 காப்புகள் அவருக்குக் கிடைத்தன.
* எட்டாம் இன்னிங்ஸை வீசுபவர்: முடிப்பாளர் காயமுற்றால் பொறுப்பு யாரிடம் செல்லும் என்பதை, நெருக்கடியான நேரங்களில் மேலாளர் யாரை அழைக்கின்றார் என்பதிலிருந்து ஊகிக்கலாம். நெருக்கடியின் அளவைக் காட்டும் குறியீட்டெண்ணில் 1 என்பது சராசரி ஆகும்.
* வீசும் கை: இடக்கை எறிவாளர்கள் எதிரணியின் இடக்கை மட்டையாளர்களுக்கு எதிராக முன்னரே பயன்படுத்தப்படக்கூடும் என்பதால் அவர்களுக்கு முடிப்பாளர் பொறுப்பு குறைவாகவே கிடைத்து வந்துள்ளது.
* அணியின் நிலை: தோல்வியுறும் அணிகள் ஜூலை மாத இறுதியில் தம் முடிப்பாளர்களை விற்றுவிடுவதுண்டு. புதிய அணியில் ஏற்கனவே முடிப்பாளர் இருந்தால் காப்புகள் நின்றுவிடும்.

பொறுப்பு ஒருவரை எவ்வாறு உருவாக்குகின்றது என்பதை ஓக்லாந்து அணி 2000களின் தொடக்கத்தில் காட்டியது. 2001 இல் 34 காப்புகள் பெற்ற ஜேசன் இஸ்ரிங்ஹவுசன் வெளியேறியபின் பில்லி காக் அமர்த்தப்பட்டு 2002 இல் 44 காப்புகள் பெற்றார். அவரைக் கொடுத்துப் பெறப்பட்ட கீத் ஃபோக் 2003 இல் 43 காப்புகள் பெற்றார். மூன்று ஆண்டுகளில் மூன்று முடிப்பாளர்கள் மாறியும் காப்புகள் குறையவில்லை.

வாய்ப்புகளின் எண்ணிக்கை

ஓர் அணி ஒரு பருவத்தில் சராசரியாக 40 காப்புகள் பெறுகின்றது. நல்ல அணிகள் கூடுதலாக வெல்வதால் வாய்ப்புகள் மிகும் என்பது பொதுவாகச் சரியே. ஆனால் பெரிய வேறுபாட்டில் வெல்லும் அணிக்கு காப்பு வாய்ப்புகள் குறையும். குறைவாக ஓட்டமெடுத்து, குறைவாக விட்டுக்கொடுக்கும் அணிகளில் நெருக்கமான ஆட்டங்கள் மிகுதி.

ஒரு பருவத்தில் மிக அதிகமான காப்புகள் பெற்றவர் ஃபிரான்சிஸ்கோ ரொட்ரிகஸ். 2008 இல் ஏஞ்சல்ஸ் அணிக்காக 62 காப்புகள் பெற்று, 1990 இல் பாபி திக்பென் ஏற்படுத்திய 57 என்ற சாதனையை முறியடித்தார். அவ்வாண்டு அவருடைய அணி 100 வெற்றிகள் பெற்றது. மறு ஆண்டு நியூ யோர்க் மெட்ஸ் அணிக்குச் சென்ற அவர் 35 காப்புகளே பெற்றார். முந்தைய ஆண்டின் எண்ணை அவ்வாறே எடுத்துக்கொள்வது தவறான கணிப்புக்கு இட்டுச்செல்லும்.

நிலையின்மை

மாற்று எறிவாளர்களின் ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கத்துக்கு எட்வின் டியாஸ் சிறந்த எடுத்துக்காட்டு. 2018 இல் சியாட்டில் அணிக்காக 57 காப்புகளும் 1.96 ஓட்ட சராசரியும் பெற்றார். 2019 இல் மெட்ஸ் அணியில் அவருடைய ஓட்ட சராசரி 5.59, காப்புகள் 26. 2022 இல் 62 இன்னிங்ஸ்களில் 118 ஸ்ட்ரைக் அவுட்களும் 1.31 ஓட்ட சராசரியும் பெற்றார். 2023 மார்ச்சில் உலக அடிபந்தாட்டக் கிண்ணத்தில் பியூர்ட்டோ ரிக்கோவின் வெற்றியைக் கொண்டாடும்போது முழங்காலில் காயமுற்று, அப்பருவம் முழுவதையும் இழந்தார். பருவம் தொடங்குமுன்னரே அவரைத் தேர்ந்தெடுத்திருந்த உரிமையாளர்களுக்கு அவரிடமிருந்து ஒரு காப்புகூடக் கிடைக்கவில்லை.

இதற்கு மாறாக, 652 காப்புகளுடன் வாழ்நாள் சாதனை படைத்த மாரியானோ ரிவேரா, 601 காப்புகள் பெற்ற டிரெவர் ஹாஃப்மன் போன்றோர் பல ஆண்டுகள் நிலைத்து நின்றனர். இத்தகையோர் அரிது. இவர்களைக் கொண்டு ஏனையோரை மதிப்பிடுதல் கூடாது.

உத்திகள்

ஒருங்கிணைந்த மதிப்பை எண்ணாக மாற்ற, வரிசையில் ஓரிடம் முன்னேற எவ்வளவு தேவை எனக் கணக்கிடும் முறை வழக்கிலுள்ளது. ஆர்ட் மெக்கீ 1997 இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விளக்கினார். மேலே கிளீவ்லாந்து வீரர்களுக்குக் காட்டிய கணக்கு இதன் எளிய வடிவமாகும். இதற்குத் தேவையான அளவுகளைத் தத்தம் லீக்கின் முந்தைய ஆண்டு முடிவுகளிலிருந்து எடுப்பதே சரியானது.

வீரர் தேர்வில் பின்வரும் உத்திகள் பின்பற்றப்படுகின்றன.

* உயர்நிலை முடிப்பாளர் ஒருவருக்கு உரிய விலை கொடுத்து, மற்றவர்களைக் குறைந்த விலையில் பெறுதல்.
* காப்புகளுக்கு விலை கொடுக்காமல், பருவத்தின் போது புதிதாகப் பொறுப்பேற்கும் முடிப்பாளர்களைச் சேர்த்தல். இதற்கு நாள்தோறும் செய்திகளைக் கவனித்தல் தேவை.
* நிலையற்ற முடிப்பாளரை எடுப்பவர் அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவரையும் எடுத்துக்கொள்ளுதல்.
* ரான் ஷாண்ட்லர் 1990களின் இறுதியில் முன்வைத்த லிமா திட்டம். ஸ்ட்ரைக் அவுட் விகிதம் உயர்ந்தும் நடை விகிதம் தாழ்ந்தும் உள்ள விலை குறைந்த எறிவாளர்களால் அணியை நிரப்பி, மீந்த பணத்தை மட்டையாளர்களுக்குச் செலவிடுதல் இதன் சாரம்.

காப்புப் பிரிவை முற்றிலும் கைவிடுவதும் ஓர் உத்தியே. ரோட்டிசரி முறையில் இது 12 இல் 11 புள்ளிகளைத் தொடக்கத்திலேயே இழப்பதாகும். வாரந்தோறும் இரு அணிகள் மோதும் நேருக்கு நேர் லீக்குகளில் ஒரு பிரிவை இழந்தும் ஏனையவற்றால் வெல்லலாம் என்பதால் இதன் இழப்பு குறைவு.

லீக் வகைக்கேற்ற மாற்றங்கள்

காப்புகளையும் தக்கவைப்புகளையும் கூட்டி ஒரே பிரிவாகக் கொள்ளும் லீக்குகளில் முன்னேற்பாட்டு எறிவாளர்களின் மதிப்பு முடிப்பாளர்களுக்கு இணையாகின்றது. இங்கு பொறுப்பைவிடத் திறனுக்கே முதன்மை தரலாம். மொத்த இன்னிங்ஸ்களுக்கு உச்சவரம்பு உள்ள லீக்குகளில், ஓர் இன்னிங்ஸுக்கு மிகுதியான ஸ்ட்ரைக் அவுட்களைத் தரும் மாற்று எறிவாளர்கள் விலைமதிப்புள்ளவர்கள். உச்சவரம்பு இல்லாத லீக்குகளில் ஸ்ட்ரைக் அவுட்களுக்குத் தொடக்க எறிவாளர்களையே நம்ப வேண்டும். 10 அணிகள் மட்டும் உள்ள லீக்கில் தேர்ந்தெடுக்கப்படாத முடிப்பாளர்கள் எஞ்சியிருப்பர். 15 அணிகள் உள்ள லீக்கில் எஞ்சமாட்டார்கள்.

விதி மாற்றங்களும் கருதத்தக்கவை. 2018 இல் டம்பா பே அணி மாற்று எறிவாளர் செர்ஜியோ ரோமோவைக் கொண்டு ஆட்டத்தைத் தொடங்கி, ஓரிரு இன்னிங்ஸுக்குப் பின் மற்றொருவரை அழைக்கும் முறையைக் கொண்டுவந்தது. தொடக்க எறிவாளர் வெற்றி பெற ஐந்து இன்னிங்ஸ்கள் வீசியிருக்க வேண்டும் என்பதால், இரண்டாவதாக வருபவருக்கு வெற்றி கிடைக்கும் வாய்ப்பு உண்டு. 2020 முதல் ஓர் எறிவாளர் குறைந்தது மூன்று மட்டையாளர்களை எதிர்கொள்ளவோ அந்த அரை இன்னிங்ஸை முடிக்கவோ வேண்டும். இதனால் ஒரே ஒரு மட்டையாளருக்காக மட்டும் அழைக்கப்படும் எறிவாளர்கள் பெரும்பாலும் மறைந்தனர்.

விமர்சனங்கள்

காப்பு என்னும் புள்ளிவிவரம் எறிவாளர்களின் பணியை அளக்க உருவானது. பின்னர் அப்பணியையே அது வடிவமைத்துவிட்டது என்பது பரவலான விமர்சனம். பால்டிமோர் அணியின் சாக் பிரிட்டன் 2016 இல் 47 வாய்ப்புகளில் 47 காப்புகளும் 0.54 ஓட்ட சராசரியும் பெற்றார். அவ்வாண்டு அக்டோபர் 4 அன்று டொராண்டோவில் நடைபெற்ற, தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம் சமநிலையில் நீடித்தது. காப்புக்கான முன்னிலையை எதிர்பார்த்திருந்த மேலாளர் பக் ஷோவால்டர், பிரிட்டனை இறுதிவரை களமிறக்கவில்லை. பதினோராம் இன்னிங்ஸில் எட்வின் என்கார்னசியோன் அடித்த ஹோம் ரன்னால் பால்டிமோர் தோற்றது. அதே அக்டோபரில் கிளீவ்லாந்து அணி, ஆண்ட்ரூ மில்லரை இன்னிங்ஸ் எதுவாயினும் நெருக்கடி மிக்க தருணத்தில் பயன்படுத்தியது. அமெரிக்கன் லீக் வாகையர் தொடரின் சிறந்த வீரராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இப்புள்ளிவிவரம் வீரர்களின் வருவாயையும் பாதிக்கின்றது. 2016 இல் 73 இன்னிங்ஸ்களில் 126 ஸ்ட்ரைக் அவுட்கள் பெற்ற யாங்கீஸ் அணியின் டெலின் பெட்டான்சஸ், 2017 பெப்ரவரியில் நடந்த ஊதிய நடுவர் விசாரணையில் 50 இலட்சம் டாலர் கோரினார். அவர் முடிப்பாளர் அல்லர் என அணி வாதிட்டது. நடுவர் குழு அணியின் பக்கம் தீர்ப்பளித்தமையால் அவருக்கு 30 இலட்சம் டாலரே கிடைத்தது. முந்தைய ஆண்டில் அவர் பெற்ற காப்புகள் 12.

கற்பனை லீக்குகளில் காப்பு தொடர்ந்து ஒரு பிரிவாக இருக்கும் வரை உரிமையாளர்கள் அதனைப் புறக்கணிக்க இயலாது. ஆனால் சில அணிகள் நிலையான முடிப்பாளரின்றி ஆட்டத்தின் சூழலுக்கேற்ப எறிவாளர்களை மாற்றிப் பயன்படுத்துவதால், பொறுப்பைக் கணிப்பது முன்பைவிடக் கடினமாகியுள்ளது. இத்தகைய அணிகளில் திறன் அளவீடுகளும், மேலாளர் யாரை எப்போது அழைக்கின்றார் என்ற கவனிப்புமே உரிமையாளருக்கு எஞ்சும் வழிகாட்டிகளாகும்.